கண்ணாடிப் படத்து அம்மா

படுத்துட்டியா? காலை நீட்டிக்கோ. நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நீ தூங்கிட்டேன்னு நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா பேரு தையல்நாயகி, தங்கச்சி பேரு ஞானாம்பா. தங்கச்சி கைக்குழந்தையா இருக்கறப்போ, அவங்க அப்பா ஓவியக்காரர் ஒருத்தரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து கண்ணாடியில படம் எழுதச் சொன்னாரு. கண்ணாடிக்குப் பின்பக்கம் வர்ணம் தீட்டி, நகைக்கெல்லாம் தங்க ரேக்குன்னு மெல்லிசுத் தகடு ஒட்டி, அப்புறம் முன்னால திருப்பினா, அப்பப்பா, தகதகன்னு மின்னுது! படத்துல அம்மா உட்கார்ந்திருக்கா. மடியில ஞானாம்பா. பக்கத்துல முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நம்ம தையல்நாயகி.

"ம்."

படம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல அம்மா காய்ச்சல் வந்து போயிட்டா. கைக்குழந்தையை யாரு வளர்க்கறது? நாகப்பட்டினத்து அத்தை வந்து தூக்கிட்டுப் போயிட்டா. அக்கா மட்டும் அப்பாகிட்ட இருந்தா. தினம் அந்தப் படத்து முன்னாடி நிப்பா. இப்படி நின்னு பார்ப்பா, அப்படி நின்னு பார்ப்பா. எங்க நின்னாலும் அம்மா கண்ணு மடிமேல இருக்கற குழந்தையைத்தான் பார்க்குது. 'அம்மா, இங்க பாரேன், என்னைப் பாரேன்'னு கெஞ்சுவா. படம் எங்க திரும்பும்? அப்படியே அவ மனசுக்குள்ள ஒரு முள்ளு தைச்சுடுச்சு. சுருக், சுருக்.

அப்புறம் வளர்ந்தா, கல்யாணம் ஆச்சு, அப்பாவும் போயிட்டாரு. படம் அவகிட்ட வந்துச்சு. கம்பளியில சுத்தி, டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சு, படார்னு மூடிட்டா.

அப்போ ஞானாம்பா வந்தா. "அக்கா, எனக்கு அம்மா முகமே தெரியாது. படத்தை ஒரு தடவை காட்டேன்."

"பெட்டியைத் திறந்தா வர்ணம் உதிரும்டி. அப்புறம் பார்க்கலாம்."

ஞானாம்பா சரின்னு போயிட்டா. அடுத்த தடவை மாசமா இருக்கறப்போ வந்தா. "அக்கா, பொண்ணு பொறந்தா அம்மா ஜாடை இருக்கான்னு பார்க்கணும்."

"சாவி காணோம்டி."

சாவி இடுப்புல தொங்குது. கிணிங் கிணிங்னு சத்தமும் கேக்குது. தங்கச்சிக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் சரின்னு கிளம்பிட்டா.

"ம்... பொய்தானே?"

பொய்தான். மூணாவது தடவை, குழந்தையோட ஊருக்கு வரப்போறேன்னு அவ சொல்லியனுப்பினா. அக்காவுக்கு இனி என்ன சொல்றதுன்னு தெரியல. அந்த ஊர் அரண்மனையில அப்போதான் மியூசியம் திறந்திருந்தாங்க. கண்ணாடிச் சரவிளக்கு, கண்ணாடிப் பன்னீர்ச் செம்பு, செப்புச் சிலை, பழைய வீணை, எல்லாத்தையும் அலமாரியில வச்சு ஊரே பார்க்கற மாதிரி வச்சிருந்தாங்க. தையல்நாயகி கம்பளியைப் பிரிக்கக்கூட இல்ல. அப்படியே கொண்டுபோய்க் குடுத்துட்டா.

"ரொம்ப நல்ல காரியம்மா"ன்னாரு அங்க இருந்த அதிகாரி.

"ஒண்ணே ஒண்ணுங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் இதை யாருக்கும் காட்டக் கூடாது."

"சரிம்மா. எங்களுக்கும் சரிபண்ற வேலை இருக்கு. உள்ளயே இருக்கட்டும்."

ஞானாம்பா மியூசியத்துக்கே போய்க் கேட்டா. உள்ள இருக்கு, காட்ட முடியாதுன்னுட்டாங்க. அழுதுக்கிட்டே பஸ் ஏறினா. ஊரெல்லாம் அக்காவைப் பாராட்டுது. அவளும் தலையை ஆட்டிக்கிட்டா.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

வருஷம் ஓடிப்போச்சு. ரெண்டு பேருக்கும் தலை நரைச்சுடுச்சு. ஒரு நாள் ஞானாம்பா மக வந்து நின்னா. "பெரியம்மா, அம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. வைத்தியர் கைவிரிச்சுட்டாரு. பார்வை போறதுக்குள்ள அந்தப் படத்தை..."

அந்தப் பொண்ணு முகத்தை நிமிர்ந்து பார்த்தா தையல்நாயகி. அதே நெத்தி, அதே மூக்கு. அம்மாவே வந்து வாசல்ல நிக்கற மாதிரி இருந்துச்சு. விறுவிறுன்னு மியூசியத்துக்கு ஓடினா. "ஐயா, நான் சொல்றேன், வெளிய எடுங்க!"

இப்போ அங்க வேற அதிகாரி. "வர்ணம் ரொம்ப உதிர்ந்திருந்துச்சும்மா. கம்பளியில ஈரம் ஏறியிருந்திருக்கு. இப்போதான் சரிபண்ணி முடிக்கறாங்க. பொங்கலுக்கு வெளிய வைக்கறோம்."

பொங்கலுக்குக் காத்திருந்தாங்க. பொங்கல் வந்துச்சு, தங்கச்சி கண்ணு காத்திருக்கல.

அப்போ அக்கா தங்கச்சி கையைப் பிடிச்சு, தங்கச்சி மகளும் பின்னால வர, மெல்ல மெல்ல நடத்தி, படத்து முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினா. நிமிர்ந்து பார்த்தா. அம்மா கண்ணு இருந்த இடத்துலதான் வர்ணம் உதிர்ந்திருக்கு. பழைய கண்ணு எப்படி இருந்துச்சுன்னு தெரியாம, சரிபண்ணினவரு புதுசா எழுதிட்டாரு. நேரா, எதிர்ல பார்க்கற கண்ணு. மடியையும் பார்க்கல, முந்தானையையும் பார்க்கல.

"அக்கா, ஏதோ பளபளன்னு தெரியுது. வேற ஒண்ணும் தெரியல. நீ சொல்லு, அம்மா எப்படி இருக்கா?"

"அழகா இருக்காடி. நீ மடியில இருக்கே. நான் பக்கத்துல நிக்கறேன்."

"அம்மா யாரைப் பார்க்கறா?"

வாழ்க்கையில சொல்லாததைத் தையல்நாயகி அன்னிக்குச் சொன்னா. "உன்னைத்தான்டி. உன்னை மட்டும்தான்."

பக்கத்துல படம் பார்த்துக்கிட்டிருந்த ஒருத்தரு, பாவம், உதவி பண்றதா நினைச்சு, "இல்லம்மா, நேரா நம்மளைத்தான் பார்க்கறாங்க"ன்னாரு.

ஞானாம்பா சிரிச்சா. கோவமே இல்லாத சிரிப்பு. "எனக்காகப் பொய் சொல்றியாக்கா? பரவாயில்ல."

"சத்தியமாடி! நான் பார்த்திருக்கேன்! தினம் பார்த்திருக்கேன்!"

"சரிக்கா, சரி."

அழற குழந்தையைத் தட்டற மாதிரி அக்கா கையைத் தட்டிக் குடுத்துட்டு, வெளிச்சம் வந்த பக்கமா திரும்பி, மகளைக் கூப்பிட்டா. "போலாமாடி?"

ம்? சத்தத்தையே காணோமே. சரி, அக்காவும் தங்கச்சியும் அவங்கவங்க வீட்டுக்குப் போயாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் தூங்கு, கண்ணு.