மிளகி கேட்ட மாதம்

முன்னொரு காலத்தில், தென்காசிக்கு மேற்கே உள்ள மலையில், ஆள் ஏறாத ஒரு பாறையின்மேல் பன்னிரண்டு மாதங்களும் குடியிருந்தன. முறை வந்த மாதம் மட்டும் ஊருக்குள் இறங்கி வேலை பார்க்கும். மற்றவை பாறையில் உட்கார்ந்து கீழே பார்த்து வம்பு பேசும். வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டுமே வேலை உள்ளவர்களுக்கு வேறு எந்தக் கலைதான் கைகூடும்?

வம்பு பெரும்பாலும் ஆடியைப் பற்றியதாகவே இருக்கும். ஆடிக்குக் கல்யாணம் கிடையாது. புதுவீடு புகுவது கிடையாது. அவன் வருகிறான் என்று தெரிந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அம்மன் கோயில் கூழும் துணிக்கடைத் தள்ளுபடியும் போதும் அவனுக்கு என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. ஆடியும் அதை ஏற்றுக்கொண்டு, வந்தோமா, காற்றடித்தோமா, போனோமா என்று இருந்தான்.

அந்த வருஷம் அவன் இறங்கி வந்தபோது, ஊர்க்கோடியில் ஒரு முருங்கை மரத்தடியில் கட்டியிருந்த நாய் அவனை நிறுத்தியது. அவள் பெயர் மிளகி. நிறமும் மிளகு, குணமும் மிளகு. விதைக்கடை நடத்தும் செண்பகராமனும் அவன் மனைவி அஞ்சுகமும் அவளை வளர்த்தார்கள்.

மிளகி தன் கதையைச் சொன்னாள். சித்திரையில் அவளுக்கு முதல் பருவம் வந்தது. ஊரில் உள்ள ஆண்நாய்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே கூடிக் கடித்துக் குதறிக்கொண்டன. அவளைக் குளியலறையில் பூட்டி வைத்து ஒருவழியாகக் காப்பாற்றினார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லி அஞ்சுகம் மருத்துவரிடம் ஓடினாள். பருவத்தில் இருக்கும்போது கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்றார் அவர். இது அடங்கட்டும், இரண்டு மூன்று மாதம் உடம்பு தேறட்டும், அடுத்த பருவம் வருவதற்குள் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

"அந்த இடைவெளியில்தான் இப்போது நிற்கிறேன்" என்றாள் மிளகி. "இது மூடிக்கொண்டால் மறுபடி குளியலறை, மறுபடி கேட்டுச் சண்டை. ஒருநாள் யாராவது கதவைச் சாத்த மறந்தால் என் அம்மாவின் கதைதான் எனக்கும்."

அவளுடைய அம்மா தெருநாய். ஈற்றுக்கு ஈற்று குட்டி போட்டு, கடைசியில் கர்ப்பப்பையில் சீழ் வைத்து, டிரான்ஸ்பார்மர் நிழலில் செத்துப்போனது. அதன் பக்கத்தில் கிடந்த குட்டியைத்தான் அஞ்சுகம் தூக்கிவந்தாள்.

அப்படியானால் தடை என்ன என்று ஆடி கேட்டான்.

"ஒரு தடை மார்கழி. இன்னொரு தடை நீங்கள்."

செண்பகராமன் மார்கழிக் கட்சி. நாய்களுக்குப் பருவம் மார்கழியில்தான் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே கார்த்திகை வரை கவலை இல்லை என்பது அவன் கணக்கு. சித்திரையில் தன் கேட்டுக்கு வெளியே நடந்த போரை அவன் கண்ணால் பார்த்தவன். ஆனால் கண்ணால் கண்டதை விதிவிலக்கு என்றும் காதால் கேட்டதை விதி என்றும் வைத்துக்கொள்வது மனிதருக்குச் சுலபம்.

அஞ்சுகத்தின் தடை வேறு. அவளுக்கு மிளகியை நாளைக்கே கூட்டிப்போக ஆசைதான். ஆனால் ஆடியில் கத்தி வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? மயக்கத்திலிருந்து எழுந்திருக்காமல் போய்விட்டால்? ஆவணி பிறக்கட்டும் என்றிருந்தாள். ஆவணியில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். புண் ஆறும்வரை பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்காது. புரட்டாசியில் அந்த வீட்டில் முட்டைகூட உடைக்கமாட்டார்கள், வயிற்றைக் கிழிக்க விடுவார்களா? அதற்கடுத்து ஐப்பசி. ஐப்பசிக்குள் அடுத்த பருவம் வந்துவிடும்.

பாறையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாதங்கள் சிரித்தன. பஞ்சாங்கத்தில் நாய்களைப் பற்றி ஒரு வரி உண்டா என்று தை தேடிப் பார்த்தான். இல்லை. இல்லாததால் தடையில்லை என்று ஒரு கட்சியும், இல்லாததால் அனுமதியும் இல்லை என்று இன்னொரு கட்சியும் உடனே உண்டாகிவிட்டன.

மார்கழிக்குத்தான் கோபம். "நாய்கள் என் சொத்து. ஊரே சொல்கிறது. நீ எதற்கு நடுவில் வருகிறாய்?"

ஆவணி இதமாகப் பேசினான். "தம்பி, எனக்கு ஆயிரம் கல்யாணம். ஒன்று கெட்டாலும் மற்றவை நிற்கும். உனக்கு இருப்பது இது ஒன்றுதான். நாய் செத்தால், ஆடியில் செய்ததால் செத்தது என்பார்கள். யோசித்துக்கொள்."

ஆடி யோசித்தான். பயமாகத்தான் இருந்தது. மிளகியிடம் திரும்பி, என் பேர் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது, இதற்குமேல் தாங்காது என்றான்.

"உங்களுக்குப் போவது பேர். எனக்குப் போவது உயிர்" என்றாள் மிளகி.

அதைக் கேட்டதும் ஆடி கிளம்பினான். நேராக விதைக்கடைக்குப் போனான்.

மாதங்களால் மனிதரோடு பேச முடியாது. ஈரமும் காற்றும்தான் அவற்றின் மொழி. ஆடி மலைச்சாரலை அள்ளிவந்து மானாவாரி நிலங்களில் பதமாகத் தெளித்தான். மண் ஈரங்கண்டதும் விதைக்கடையில் கூட்டம் நெரிந்தது. அந்தக் கூட்டத்தில் குற்றாலிங்கம் என்ற விவசாயியும் வந்தார். உளுந்து விதையை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, விதைப்பதை மட்டும் ஆவணிக்குத் தள்ளிக்கொள்கிறேன், கட்டிக்கொடுத்த மகளை ஆடிக்கு அழைத்துவருகிற அலைச்சல், மாதமும் நல்ல மாதமாக இருக்கும் என்றார்.

செண்பகராமன் விதை அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்கு எதில் சமாதானம் உண்டானாலும் இதில் கிடையாது.

"அண்ணாச்சி, ஆவணியில நீங்க இருப்பீய, நான் இருப்பேன், மண்ணுல ஈரம் இருக்குமா? காலண்டரைப் பாத்தா வெதைக்கிறது? மண்ணைக் கையில அள்ளிப் பாருங்க. அது சரின்னு சொல்லுதுன்னா அதான் நல்ல நேரம். பட்டம் தப்புனா நட்டம் யாருக்கு, காலண்டருக்கா?"

குற்றாலிங்கம் தலையைச் சொறிந்தார். விதை மூட்டை அன்றைக்கே அவர் தோளில் ஏறியது.

சாப்பாட்டுத் தூக்குவாளியோடு கடை வாசலில் நின்ற அஞ்சுகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வாளியை மேசைமேல் வைத்தாள்.

"மண்ணைப் பாக்கணும், காலண்டரைப் பாக்கக் கூடாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றான், வரப்போவது தெரியாமல்.

"அப்ப மிளகியைப் பாக்காம மார்கழியைப் பாத்துட்டு இருக்கீயளே, ஏன்?"

செண்பகராமன் வாளியைத் திறந்தான், மூடினான். பிறகு தன்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தான். "ஏட்டி, ஆடியில வேண்டாம்னு சொன்னது நீதானே?"

"சொன்னேன். பயம்" என்றாள் அஞ்சுகம். கடைக்குள் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தாள். "ஊரு பூரா வருசத்துச் சோத்தையே ஆடியை நம்பி மண்ணுக்குள்ள போடுது. நான் ஒரு நாயைக் குடுக்க மாட்டேனா? சாப்பிட்டுட்டு ஆட்டோவுக்குச் சொல்லுங்க. டாக்டரம்மா எந்த நாள் சொல்லுதாவளோ அந்த நாள்."

மருத்துவர் மிளகியை மேசைமேல் ஏற்றி அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒரு நாளும் சொன்னார். அன்று அஷ்டமி. செண்பகராமன் வாயைத் திறக்குமுன் அஞ்சுகம் சரி என்றுவிட்டாள்.

அந்த நாளில்தான் ஆடிக்கு உண்மையான சோதனை. ஆஸ்பத்திரிக்கு மேலே தகரக் கூரை. அதை ஒட்டி ஒரு கிழட்டு வேம்பு, வேம்பை ஒட்டி மின்கம்பி. அவன் வழக்கம்போல் ஒரு மூச்சு விட்டால் கிளை முறியும். கிளை முறிந்தால் விளக்கு அணையும். உள்ளே மிளகி மயங்கிக் கிடந்தாள். மருத்துவரின் கையில் கத்தி.

ஆடி மூச்சைப் பிடித்தான்.

ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆடி மாதத்தில் ஓர் இலை அசையவில்லை. தேநீர்க்கடையில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பாறையில் மார்கழி அவனைச் சிரிக்கவைக்க என்னென்னவோ செய்தான். புதுப்பெண் தாய்வீட்டுக்கு ஓடுவதுபோல நடித்துக்கூடக் காட்டினான். ஆடியின் கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, ஆனால் மூச்சு வெளியே வரவில்லை. உள்ளே விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.

அஞ்சுகம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கி முறுக்கி கயிறாக்கியிருந்தாள். செண்பகராமன் எதிரே நின்று, யாரும் கேட்காமலே, எல்லாம் சரியாகிவிடும் என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். "முடிஞ்சுது. நல்லா இருக்கா. உடம்பு நல்லாத் தேறியிருந்துச்சு, ரத்தமே அதிகம் இல்ல. சரியான நேரத்துக்குக் கொண்டாந்தீங்க."

பாறையில் சத்தம் நின்றது. "சரியான நேரம்" என்று, விதைப்பைத் தவிர வேறு எதற்கும், ஆடியில் செய்த காரியத்தை யாரும் இதற்குமுன் சொன்னதில்லை. சித்திரை முதலில் எழுந்து நின்றான். அவன்தானே அந்தக் கேட்டுச் சண்டையை நேரில் பார்த்தவன். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மார்கழி கடைசியாக எழுந்தான், ஆனால் எழுந்தான்.

புண் ஆறித் தையல் பிரித்த நாளிலும் ஆடியே ஊரில் இருந்தான். கழுத்திலிருந்த பிளாஸ்டிக் கூம்பைக் கழற்றியதும் மிளகி ஒரு துள்ளில் ஆட்டோவில் ஏறி, தலையை வெளியே நீட்டிக்கொண்டாள். வழியில் ஆண்நாய் ஒன்று எதிரே வந்தது. அவளைப் பார்த்தது. அவள் அதைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டாள்.

அஞ்சுகம் கணவன் பக்கம் திரும்பினாள். "மாடியில ஒரு ரூம்பு எடுக்கணும்னு சொல்லிட்டே இருக்கீயளே, அதையும் இந்த மாசமே தொடங்கிருவமா?"

"ஆடியிலயா?" என்றான் செண்பகராமன்.

"ஆடியிலதான்."

ஆடி அதைக் கேட்டான். அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

அன்று மாலை தென்காசியில் ஒரு குடையும் நேராக நிற்கவில்லை.