திரைக்குக் கீழே தெரிந்த கால்

“மூன்று வருஷம் கல் உடைக்கட்டும்” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

காவலர்கள் இருளாண்டியை, தலையில் மூடிய கம்பளியோடு இழுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் அவன் பெண்டாட்டி பூவாயி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். அழக்கூட இல்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

அடுத்து வந்தவன் படைத்தலைவரின் மச்சினன் நாகலிங்கம். குற்றம் அதேதான். தேர்த் திருவிழாவில் வடக்குத் தெருவா தெற்குத் தெருவா, யார் முதலில் வடம் பிடிப்பது என்று கலகம். ரெண்டு பேரும் ஒரே பந்தலில் இருந்த மோர்ப்பானைகளை எடுத்து எறிந்தவர்கள். ரெண்டு பேருமே ஒத்துக்கொண்டவர்கள்.

“இளரத்தம். கோயிலில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போகட்டும்” என்றது அதே குரல்.

ரெண்டு தீர்ப்பையும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான் அம்பலவாணன். அவன் அரசவையில் ராஜாவுக்கு யோசனை சொல்கிறவன். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். நேராக ராஜாவிடம் போய், தீர்ப்பு கோணலாக இருக்கிறது என்றான்.

வீரசிங்க ராஜாவுக்குச் சுருக்கென்றது. காரணம் அந்தத் திரை. கோவனூரில் கலக வழக்குக்குத் தண்டனை சொல்லும்போது நியாயாதிபதி திரைக்குப் பின்னால்தான் உட்காருவார். குற்றவாளி தலையில் கம்பளி இருக்கும். அவன் வாய் திறக்கக் கூடாது, பேரையும் சொல்ல மாட்டார்கள். என்ன செய்தான் என்பதை மட்டும் வாசிப்பார்கள். ஆள் யாரென்றே தெரியாவிட்டால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்? இது ராஜாவே யோசித்துக் கொண்டுவந்த ஏற்பாடு. விருந்தாளி வந்தால் யானைகளைக் காட்டுவதற்கு முன்பே இந்தத் திரையைத்தான் காட்டுவார்.

“என் திரையிலா குறை சொல்கிறாய்? நிரூபி. முடியாவிட்டால் இருளாண்டிக்குப் பக்கத்தில் நீயும் சம்மட்டி பிடி” என்றார்.

அம்பலவாணன் ஆளில்லாத நியாய மண்டபத்துக்குப் போனான். செருப்பை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, திரைக்குப் பின்னால் போய் நியாயாதிபதியின் தாழ்ந்த மெத்தையில் உட்கார்ந்து பார்த்தான். எதிரே வெறும் துணி. ராஜா சொன்னது சரிதான் போல என்று நினைத்தபோது கண் கொஞ்சம் கீழே போனது. திரை தரையைத் தொடவில்லை. ஒரு சாண் இடைவெளி. அதில் அவனுடைய செருப்பு, அறுந்து தைத்த வார் முதற்கொண்டு, பளிச்சென்று தெரிந்தது.

தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

திரும்பி வந்து, நாளைக்கு நீங்களே குற்றவாளியாக ரெண்டு தடவை நிற்க வேண்டும் என்று ராஜாவிடம் சொன்னான். ராஜாவுக்கு வேஷம் போடுவதென்றால் உயிர். உடனே ஒத்துக்கொண்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “தண்டனையைச் சொன்ன அந்த நிமிஷமே நீ திரையைத் தூக்கிவிட வேண்டும். தெரிகிறதா?”

“ஆகட்டும் மகாராஜா.”

மறுநாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெள்ளிக் குமிழ் வைத்த மிதியடியோடு ராஜா வந்து நின்றார். “மோர்ப்பானை எறிந்தான்” என்று அம்பலவாணன் வாசித்தான். விளக்கு ஏற்றினால் போதும் என்று தீர்ப்பு வந்தது. என் திரை எவ்வளவு கருணையானது பார் என்று ராஜா கம்பளிக்குள்ளிருந்து முணுமுணுத்தார்.

அம்பலவாணன் அவரை வெளியே அழைத்துப் போய் மிதியடியைக் கழற்றினான். குழைத்து வைத்திருந்த சுண்ணாம்புச் சேற்றில் நன்றாக மிதிக்கச் சொன்னான். இருளாண்டி சுண்ணாம்பு சுடும் காளவாயில் வேலை செய்கிறவன். அவன் கால் அப்படித்தான் இருக்கும்.

மறுபடி உள்ளே. “மோர்ப்பானை எறிந்தான்.”

அதே குரல் வந்தது. “இவனைப் போன்றவர்களால்தான் ஊர் கெடுகிறது. மூன்று வருஷம் கல் உடைக்கட்டும்.”

ராஜா கம்பளியை விலக்கி அம்பலவாணனைப் பார்த்தார். அம்பலவாணன் கூரையில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காவலர்கள் பிடித்து இழுத்தார்கள். “டேய், நான் ராஜாடா” என்று வழியெல்லாம் கத்தினார்.

“நேற்றைக்கு வந்தவன் ராஜாவுக்குச் சித்தப்பா என்றான். நட” என்றான் ஒருத்தன். கிரீடம் இல்லாத ராஜாவை அவர்கள் பார்த்ததே இல்லை. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

கல் குவாரியில் இருளாண்டிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. “சம்மட்டியை அப்படிப் பிடிக்காதீங்க அண்ணே, கட்டைவிரல் போயிடும்” என்று அவன் பிடித்துக் காட்டினான். ராஜா வாயை மூடிக்கொண்டு உடைத்தார். கூடை பாதி நிறைவதற்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

அப்போதுதான் அம்பலவாணன் பல்லக்கோடு வந்தான், கூடவே நியாயாதிபதி தில்லைநாயகமும். மனுஷர் ராஜாவின் முகத்தைப் பார்த்தார், சுண்ணாம்புக் காலைப் பார்த்தார், அப்படியே மண்ணில் விழுந்துவிட்டார். “நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை மகாராஜா” என்று அழுதார். அது பொய்யில்லை. காலைப் பார்க்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

“திரையைக் குட்டையாகத் தைக்கச் சொன்னவன் நான்தானே, எழுந்திருங்கள்” என்றார் ராஜா. அங்கேயே தீர்ப்பை மாற்றினார். பானை எறிந்தவர்கள் அத்தனை பேரும், நாகலிங்கமும் சேர்த்துத்தான், வெயில் தணிகிற வரைக்கும் அதே பந்தலில் நின்று ஊருக்கு மோர் ஊற்ற வேண்டும். திரை இனிமேல் தரையில் புரள வேண்டும். இருளாண்டி சம்மட்டியைப் போட்ட வேகத்தைப் பார்க்கணும். பூவாயி இருக்கிற திசையில் ஓடியே போய்விட்டான்.

ராஜா உள்ளங்கையை ஊதிக்கொண்டே அம்பலவாணன் பக்கம் திரும்பினார். “சொன்ன நிமிஷமே தூக்கு என்றேனே. ஏன் தூக்கவில்லை?”

“கை திரை வரைக்கும் போனது மகாராஜா. இருளாண்டிக்கு யாரும் தூக்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. ஒரே குற்றம், ஒரே சுண்ணாம்புக் கால். உங்களுக்கு மட்டும் தூக்கினால் அப்புறம் நானும் நியாயாதிபதி மாதிரிதானே?”

ராஜா முறைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவன் பல்லக்கில் கொண்டுவந்திருந்த தன் வெள்ளிக் குமிழ் மிதியடியை அவனுக்கே பரிசாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பாதியில் நின்ற கல் கூடையைக் காட்டினார்.

“மீதியை நீ உடைத்துவிட்டு வா.”

“ஆகட்டும் மகாராஜா” என்று அம்பலவாணன் கும்பிட்டான். மிதியடியைப் போட்டுக்கொண்டு நேராக மோர்ப்பந்தலுக்குப் போய்விட்டான்.