வெண்ணியின் வண்டியும் வயிற்று நண்டும்

எந்த ராஜா ஆண்ட காலம் என்று கேட்காதீர்கள். ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். உப்பு மட்டும் எல்லா ராஜா காலத்திலும் உப்பாகவே இருந்தது. அப்படி ஒரு காலத்தில், கடலோரத்தில் ஓர் உப்பளம். அதை ஒட்டி வண்டிக்காரர் தெரு.

கடலில் விளைந்த உப்பு வண்டியேறி மலைக்குப் போகும். மலையில் விளைந்த தினையும் தேனும் அதே வண்டியில் கடலுக்கு வரும். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அந்த வரிசைக்குச் சாத்து என்று பெயர்.

சாத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் ஒரு மாற்று அச்சைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போவார்கள். வழியில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஓர் அச்சு. ஏன் ஒன்று, ஏன் இரண்டு இல்லை என்று யாரும் கேட்டதில்லை. நம் கதையில்தான் ஒருத்தி கேட்டாள்.

அவள் பெயர் வெண்ணி. வயது பதினைந்து. பேரம் பேச உட்கார்ந்தால் மீன்காரிகளே கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு வாய். அப்பாவுக்குக் கால் ஓய்ந்துபோய் வண்டி வாசலில் சும்மா நின்றது. அந்த வண்டியைத் தானே ஓட்ட வேண்டும் என்று ஒரு வருஷமாக மாமனைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

மாமன் கோடன்தான் சாத்துக்குத் தலைவர். அவர் மெதுவாகப் பேசினாலே அளத்தில் நிற்கும் கொக்கெல்லாம் பறந்துவிடும். ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சரி, ஓட்டித் தொலை! மழைக்கு முன்னாடி போற கடைசிச் சாத்து இது. உன் உப்பு மலைக்குப் போய்ச் சேர்ந்தா, இனிமே சாத்துல உனக்கு இடம் உண்டு. சேரலையா, வண்டியை என் மவன் பிட்டனுக்குக் கொடுத்துட்டு, காலம் பூரா அளத்துல உப்பு வாரணும். அப்புறம் வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி மாமா!" என்று வெண்ணி குதித்தாள்.

குதித்த கால் தரையில் படுவதற்குள் வயிற்றுக்குள் ஏதோ ஊர்ந்தது. கடற்கரைப் பெண் அல்லவா? அது நண்டு என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஒரு வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. கூடவே நண்டும் வந்துவிட்டது.

வண்டியில் மூட்டை ஏற்றும்போது நண்டு பேச ஆரம்பித்தது.

"அச்சு முறிஞ்சா?"

"மாற்று அச்சு கட்டியாச்சே."

"அதுவும் முறிஞ்சா?"

வெண்ணி ஓர் உப்பு மூட்டையை இறக்கிவிட்டு இன்னோர் அச்சை ஏற்றினாள்.

"அதுவும் முறிஞ்சா?"

இன்னொரு மூட்டை இறங்கியது. இன்னோர் அச்சு ஏறியது.

அத்தோடு நண்டு விட்டதா? சக்கரம் உடைந்தால் என்றது. ஒரு சக்கரம் ஏறியது. நுகத்தடி பிளந்தால் என்றது. ஒரு நுகத்தடி ஏறியது. தண்ணீர் கிடைக்காவிட்டால் என்றது. பானைகள் ஏறின. புலி வந்தால் என்றது. புலியை விரட்ட ஒரு தம்பட்டம் ஏறியது. ஒவ்வொன்று ஏறும்போதும் நண்டு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அந்தக் கொஞ்ச நேர அமைதிக்காகவே வெண்ணி அடுத்ததையும் ஏற்றினாள். கடைசியில் வண்டியில் மிஞ்சியது ஒரே ஒரு மூட்டை உப்பு.

வெட்கமாக இருந்தது. ஓலைப்பாயைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டாள்.

மாமன் மகன் பிட்டன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றான். அவளைவிட ஒரு மழைக்காலம் மூத்தவன். அவனுக்கு வயிற்றில் நண்டும் கிடையாது, தலையில் பெரிதாக ஒன்றும் கிடையாது.

"ஏ வெண்ணி, இந்த மூட்டையெல்லாம் வேணாமா? அப்ப நான் ஏத்திக்கிறேன்" என்றான். இடம் போதவில்லை. தன் வண்டிக்கு அடியில் கட்டியிருந்த மாற்று அச்சை அவிழ்த்துக் கடாசினான். "அச்சாவது முறியறதாவது! வீண் பாரம்."

சாத்து கிளம்பியது. மாமன் முதல் வண்டி. கடைசிக்கு முந்தினது வெண்ணி. கடைசி பிட்டன்.

ஆற்று மணலில் வெண்ணியின் மாடுகள் மூச்சு வாங்கின. செவலை நுரை தள்ளியது. மயிலை திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தது. வெண்ணி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

சமவெளியில் 'மடார்' என்று சத்தம். பாரம் தாங்காமல் அச்சு முறிந்துவிட்டது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்று நண்டு துள்ளியது. நண்டு ஏற்றச் சொன்ன பாரத்தில்தான் அச்சு முறிந்தது. ஆனால் நண்டுகள் அதையெல்லாம் சொல்லாது. அச்சை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். "நேத்துச் செதுக்கின அச்சு எப்படிடா முறியும்?" என்று மாமன் தலையைச் சொறிந்தபடி முன்னால் போனார்.

மலையடி வந்தது. ஒரு வண்டி போகும் அகலத்தில் செங்குத்துப் பாதை. முன் வண்டிகள் எல்லாம் ஏறிவிட்டன. வெண்ணியின் வண்டி பாதி ஏறியது. மயிலை நின்றது. அப்புறம் உட்கார்ந்தது. அதைப் பார்த்துச் செவலையும் உட்கார்ந்துவிட்டது.

"வழி விடு, பயந்தாங்கொள்ளி!" என்று பிட்டன் பின்னாலிருந்து ஓரமாக வண்டியை ஒடித்தான். சக்கரம் ஒரு பாறையில் ஏறி இறங்கியது. 'மடார்!' இந்த முறை முறிந்தது அவன் அச்சு.

மாமன் மேலேயிருந்து இறங்கி ஓடி வந்தார். வெண்ணியின் ஓலைப்பாயைத் தூக்கிப் பார்த்தார். தம்பட்டத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடியே! நீ உப்பு விக்க வந்தியா, தச்சுப்பட்டறை வைக்க வந்தியா? தம்பட்டம் எதுக்குடி?"

"புலிக்கு, மாமா."

"புலிக்கா! புலி வந்து கூத்தா ஆடப்போகுது? டேய் பிட்டா, உன் மாற்று அச்சு எங்கடா?"

பிட்டன் வானத்தைப் பார்த்தான். வானம் கறுத்திருந்தது.

"மேகம் உச்சியைத் தொட்டாச்சு. மழை இறங்கினா இந்த வழி சேறு. அதுக்குள்ள ரெண்டு பேரும் உப்போட மேல வரணும். இல்லைன்னா மாட்டை மட்டும் அவுத்துக்கிட்டு வாங்க, வண்டி கிடக்கட்டும். நம்ம பேச்சு ஞாபகம் இருக்கட்டும் வெண்ணி!" என்று கத்திவிட்டு, மேலே நிற்கும் வண்டிகளைப் பார்க்க ஓடினார்.

வெண்ணிக்குக் கை நடுங்கியது. பாரத்தைக் குறைக்க வேண்டும், அது தெரிந்தது. எதை இறக்குவது? நண்டு எல்லாக் காலாலும் பிறாண்டியது. "அச்சைத் தொடாதே! சக்கரத்தைத் தொடாதே! தம்பட்டத்தைத் தொடாதே!" மிச்சம் இருந்தது என்ன? வெண்ணி உப்பு மூட்டையை இழுத்துக் கீழே போட்டாள்.

உப்பு விற்க வந்தவள் உப்பை இறக்குகிறாள்! பயம் ஒரு மனுஷியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

மாடுகளின் பக்கம் விழுந்த மூட்டை வாய் பிரிந்து கொஞ்சம் உப்பு சிந்தியது. மயிலை மூக்கை நீட்டியது. நாக்கை நீட்டியது. எட்டவில்லை. அடித்தும் எழாத மாடு, எழுந்து நின்று உப்பை நக்கியது. செவலை சும்மா இருக்குமா? அதுவும் எழுந்துவிட்டது.

வெண்ணி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். மாட்டுக்குத் தெரிகிறது வண்டியில் எது முக்கியம் என்று! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. தெருவில் ஒருத்தி வந்து எல்லாம் கொடு, எல்லாம் கொடு என்று கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவாளா? இந்த நண்டிடம் மட்டும் ஒரு வார்த்தை பேரம் பேசாமல் கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறாளே!

பாறைமேல் உட்கார்ந்தாள். மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். வயிற்றைத் தட்டினாள்.

"ஏ நண்டு, வா இப்படி. உனக்கு என்ன வேணும்?"

"எல்லாம் வேணும்."

"எல்லாம் கிடையாது. ஒவ்வொண்ணா சொல்லு."

"புலி வந்தா?"

"இத்தனை வண்டி போற பகல் வழியில, என் மாமா போடற சத்தத்துக்கு எந்தப் புலி வரும்?"

நண்டு யோசித்தது. அதற்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தம்பட்டம் இறங்கியது.

"சக்கரம் உடைஞ்சா?"

"முன்னாடி போற வண்டிக்காரங்களைக் கூப்பிடுவேன். நான் என்ன ஊமையா?"

சக்கரம் இறங்கியது. நுகத்தடி இறங்கியது. அடுத்த சுனை கண்ணுக்கு எதிரே தெரிந்ததால் பானைகளும் இறங்கின.

"அச்சு முறிஞ்சா?"

இதற்கு வெண்ணி சிரிக்கவில்லை. அச்சு முறியத்தான் செய்யும். "இது நியாயமான கேள்வி. இதுக்கு ஒரு அச்சு தரேன்."

"ரெண்டு."

"ஒண்ணு."

"அதுவும் முறிஞ்சா?"

"முறிஞ்ச பிற்பாடு வா, பேசிக்கலாம். இப்ப கடையைக் கட்டு."

நண்டு முனகியது. போகவில்லை. வயிற்றின் ஒரு மூலையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது. சாத்தில் ஏன் ஓர் அச்சு, ஏன் இரண்டு இல்லை என்று வெண்ணிக்கு அப்போதுதான் விளங்கியது.

வண்டியில் இருந்த மாற்று அச்சு இரண்டு. ஒன்று அடியில் கட்டியாயிற்று. இன்னொன்று கையில். பிட்டன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெண்ணி, அந்த அச்சைக் கொடேன்."

"ஏன், வீண் பாரமாச்சே?"

"அது கடற்கரையில சொன்னது. இது மலை."

"கொடுக்கறேன். என் மூட்டையெல்லாம் என் வண்டிக்கு வரணும்."

"எல்லாமா? இவ்வளவு தூரம் நான்ல சுமந்துட்டு வந்தேன்!"

"சுமந்த கூலிதான் அச்சு."

"ஒரு மூட்டையாவது எனக்கு விடு."

"மேலே பாரு. மழை இறங்க இறங்க என் விலை ஏறும். இன்னும் கொஞ்சம் போனா உன் மாட்டையும் கேப்பேன்."

"அம்மாடி, நீ எங்கப்பனைவிட மோசம்!" என்று பிட்டன் மூட்டையைத் தூக்கினான். இருவரும் சேர்ந்து அவன் அச்சை மாட்டினார்கள். சேர்ந்தே மூட்டைகளை ஏற்றினார்கள்.

வண்டிகள் கிளம்பின. முதல் வளைவில் நண்டு தலையைத் தூக்கியது. "வழுக்கினா?"

"கேட்டுச்சு. ஹை, மயிலை!"

இரண்டாம் வளைவு. "சரிஞ்சா?"

"கேட்டுச்சு. ஹை, செவலை!"

மூன்றாம் வளைவு. நண்டு என்ன கேட்டதோ தெரியாது. வெண்ணி மாடுகளோடு பேசிக்கொண்டிருந்தாள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கும் கைக்கும் கயிறு பிடிக்கத் தெரியும் அல்லவா?

மலையூர்ப் பெண்கள் முறத்தோடும் குடுவையோடும் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு மூட்டையாகத் தூக்கினார்கள். கூரைக்குள் கடைசி மூட்டை நுழைந்ததும் மழை கொட்டியது.

"ஏன்டி பொண்ணே, உன் உப்புல மாட்டு எச்சில் வாசம் வருதே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என் மாடே ருசி பார்த்துச் சரின்னு சொன்ன உப்பு அக்கா! அதுக்கே ஒரு குடுவைத் தேன் கூடப் போடணும்."

கூரையே அதிரச் சிரித்தார்கள். தேனும் கிடைத்தது.

மழை விட்டதும் மாமன் வெண்ணியின் வண்டியை முன்னால் இழுத்துத் தன் வண்டிக்கு அடுத்தபடியாக நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து, அடியில் கட்டிய மாற்று அச்சைத் தொட்டுப் பார்த்தார். தொடும்போதெல்லாம் இன்னொரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

வெண்ணி கிட்டே போனாள். "மாமா, உங்களுக்கும் நண்டா?"

"என்ன நண்டு?" என்று உறுமினார் மாமன். அப்புறம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த வரையில் மெதுவாகச் சொன்னார். "நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட நாளிலேருந்து. யார்கிட்டயும் சொல்லாதே."

அந்த மெதுவான பேச்சு மலையூர் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு வெண்ணி எத்தனையோ முறை மலைக்குப் போனாள். கிளம்பும் காலையிலெல்லாம் நண்டு தவறாமல் வந்தது. அவளும் தவறாமல் அது சொல்வதைக் கேட்டாள், ஓர் அச்சைக் கட்டினாள், அச்சைத் தட்டி "அவ்வளவுதான்" என்றாள், மாட்டை ஓட்டினாள்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, கவலை கேட்பதில் நியாயமான ஒன்றுக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டு, மற்றதை வழியிலேயே இறக்கி வைத்து, நடுங்கும் கையோடாவது கிளம்பிவிடுங்கள்.