சும்மா இருந்த பூவாயி

மலைக்காட்டில் ஓர் உயரமான மரத்தின் பொந்தில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன. ஆணின் பெயர் மஞ்சன். பெண்ணின் பெயர் பூவாயி.

முட்டையிடும் காலம் வந்தது. பூவாயி பொந்துக்குள் போனாள். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து, உள்ளே இருந்தபடியே வாசலை அடைத்தாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டாள். இருவாச்சிகளின் வழக்கம் அது. குஞ்சு ஓரளவு வளரும்வரை பெண் வெளியே வருவதில்லை. ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

மஞ்சனும் குறை வைக்கவில்லை. விடிந்ததும் அத்திமரத்துக்குப் பறப்பான். தொண்டை நிறையப் பழங்களை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கீறல் வழியே கொடுப்பான்.

ஒருநாள் அத்திமரத்தில் ஒரு கருமந்தி அவனிடம் பேச்சுக் கொடுத்தது. வீட்டில் எல்லோரும் நலமா, மனைவி என்ன செய்கிறாள் என்று விசாரித்தது.

"அவளா? சும்மாதான் இருக்கிறாள்" என்றான் மஞ்சன். யோசித்துச் சொன்ன சொல் இல்லை. வாயில் வந்த சொல்.

மந்தி அதைப் பிடித்துக்கொண்டது. இவன் குறைவாகப் பறித்தால் தனக்கு அதிகம் மிஞ்சும் என்பது அதன் எண்ணம்.

"சும்மா இருப்பவளுக்கா இத்தனை பழம்? அலைகிறவர் நீர். வயிறு நிறையத் தின்ன வேண்டியவரும் நீர்தானே?"

மஞ்சனுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்று அவன் கொண்டுபோன பழம் பாதியாகக் குறைந்தது. பூவாயி காரணம் கேட்டாள்.

"நீ சும்மாதானே கிடக்கிறாய்? இது போதாதா?" என்றான்.

காலையில் 'இருக்கிறாள்' என்று சொன்ன வாய், மாலைக்குள் 'கிடக்கிறாய்' என்று சொல்லிவிட்டது. பூவாயி பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததையும் அவன் சோம்பல் என்றே எடுத்துக்கொண்டான்.

பிறகு முட்டை பொரிந்து குஞ்சு வந்தது. ஒருநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் போவானேன், தூங்குகிறவளுக்குப் பசி ஏது என்றது மந்தி. மஞ்சனும் அத்திமரத்திலேயே ஒதுங்கிவிட்டான். ஆனால் பழக்கத்தில் பழங்களைத் தொண்டையில் சேர்த்து வைத்திருந்தான். நேரம் போகப்போக, அவற்றைத் தானே விழுங்கிவிடலாம் என்று பார்த்தான். இறங்கவில்லை. பூவாயி கீறலுக்கு வெளியே அலகை நீட்டிக்கொண்டு இருப்பாளே என்ற நினைப்பு வந்து அடைத்தது. மழையிலேயே கிளம்பினான்.

பொந்தை நெருங்கும்போதே அதைப் பார்த்தான். ஒரு மரநாய் அடிமரத்தில் தொற்றிக்கொண்டு, மழையில் ஊறிய வாசல் மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்தது. பாதி மண் பெயர்ந்துவிட்டது. அது உள்ளே மூக்கை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அலகு பாய்ந்து வந்து கொத்தியது. மரநாயின் மூக்கெல்லாம் ரத்தம். ஆனாலும் அது விடுவதாக இல்லை.

மஞ்சன் பாய்ந்து அதன் முதுகில் ஓங்கிக் கொத்தினான். மரநாய் வழுக்கிக் கீழே விழுந்து புதருக்குள் ஓடியது.

அதன்பிறகு பொந்திலிருந்து சத்தமே இல்லை.

"பூவாயி, இருக்கிறாயா?" என்றான் மஞ்சன்.



"இருக்கிறேன்" என்றாள் பூவாயி. "குஞ்சும் இருக்கிறது."

மஞ்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெயர்ந்த மண்ணின் வழியே முதல்முறையாக உள்ளே பார்த்தான். பூவாயியின் சிறகுகளில் இறகே இல்லை. எல்லாம் உதிர்ந்து கீழே மெத்தையாகக் கிடந்தன. அவளால் பறக்கவே முடியாது. அவள் வயிற்றின் கீழ், கண்கூடத் திறக்காத ஒரு குஞ்சு.

இப்படி இருந்துகொண்டு எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டான்.

"நான் நகர்ந்தால் குஞ்சு அதன் கையில் அகப்படும். அதனால் நகரவில்லை" என்றாள் அவள்.

மஞ்சன் தலை குனிந்தான். சொன்னது தப்பு, பொறுத்துக்கொள் என்றான். தொண்டையில் இருந்த பழங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தான். பூவாயி குஞ்சுக்கு ஊட்டிவிட்டுத் தானும் தின்றாள். அவன் மண் கொண்டுவந்து கொடுக்க, அவள் வாசலை மறுபடி பூசினாள்.

ஈர மண் இறுகும்வரை மரநாய் திரும்பி வரலாம். எனவே மஞ்சன் எதிர்க்கிளையில் அமர்ந்து, அடிமரத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் காவல் இருந்தான். கால் மரத்தது. கழுத்து வலித்தது. காடெல்லாம் பறந்த நாளில்கூட அவன் இவ்வளவு களைத்ததில்லை.

மழை விட்டது. மண் இறுகியது. உள்ளே குஞ்சு வயிறு நிறைந்து கீச்சிட்டது. மஞ்சன் அப்போதுதான் சிறகை உதறி, நிம்மதியாக மூச்சு விட்டான்.

அசையாமல் இருப்பவரை எல்லாம் சும்மா இருப்பவர் என்று சொல்லிவிடக் கூடாது. காத்து இருப்பதும் பெரிய வேலைதான்.