மிளகாவுக்குக் கருப்பட்டி

காராசேவுன்னு ஒரு ராக் பேண்டு. திருச்சி உறையூர்ல, மூடிக் கெடந்த ஒரு மாவு மில்லுக்குள்ள இருந்துச்சு. பேண்டுல நாலு பேரு. நாலு பேருமே பொம்மைங்க.

பாடுறது மிளகா. சிவப்பு மூஞ்சி, பச்சை முடி, வாயைத் தொறந்தா உள்ள பூரா மஞ்சள் வெல்வெட்டு. கிட்டாரு கத்திரி. ஊதாக் கலரு, ஒரு கண்ணு எப்பவும் மூடியே இருக்கும். ஒட்டும்போது பசை வழிஞ்சு அப்படி ஆயிருச்சு. பாத்தவங்க அதை ஸ்டைலுன்னு நெனைச்சாங்க, அப்படியே விட்டாச்சு. பேஸ் கிட்டாருக்கு வாத்தியாருன்னு ஒரு மஞ்சள் ஆளு. எந்தப் பாட்டுக்கும் வாயைத் தவிர ஒண்ணையும் அசைக்க மாட்டாரு. டிரம்ஸ் அடிக்கிறது பீட்ரூட்டு. அதோட கலரைத் தனியா சொல்ல வேண்டியதில்ல.

நாலையும் செஞ்சவங்க சுகந்தி. மிளகாவைப் பிடிக்கிறதும் அவங்கதான். முப்பத்து நாலு வயசு. எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. வயசுல மூத்தவங்களும் அப்படித்தான். மூத்தவங்கன்னா அங்க ஒருத்தர்தான், இருதயராஜ். அம்பது தாண்டியாச்சு.

இருதயராஜ் மெல்லிசைக் குழுவுல பாடிக்கிட்டு இருந்தவரு. திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கட்சி மீட்டிங்குக்கு முன்னாடி கூட்டம் சேக்குறது, எல்லாத்துலயும் பாடியிருக்காரு. தொண்டையில ஒரு கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. கட்டி போச்சு, குரலும் கூடவே போயிருச்சு. பக்கத்துல நின்னு பேசுனா கேக்கும். பாடுனா காத்துதான் வரும்.

ஒரு தடவை பொருட்காட்சியில காராசேவைப் பாத்தாரு. மிளகா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு தலையை ஆட்டி ஆட்டிப் பாடுச்சு. குரலு வேற யாரோடதோ, ரெக்கார்டு பண்ணி வச்சது. மிளகாவோடது வாய் மட்டும்தான். சனம் மிளகாவுக்குத்தான் கை தட்டுச்சு.

மறுநாளே மாவு மில்லுல வந்து நின்னாரு.

"எனக்கு அந்த மிளகாவைக் குடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் அவரை மேலயும் கீழயும் பாத்தாங்க. ஒரு குச்சியை எடுத்துக் கையில குடுத்தாங்க. பீட்ரூட்டோட இடது கைக் குச்சி.

பீட்ரூட்டுக்கு ரெண்டு ஆள் வேணும். தலையும் வலது கையும் ஷாகுல்னு ஒரு பையன் பாத்துக்குவான். இடது கைக்கு இன்னொரு ஆள். கொஞ்ச நாளைக்குத்தானேன்னு இருதயராஜ் வாங்கிக்கிட்டாரு. ரெண்டு வருஷம் அந்தக் குச்சிதான்.

அங்க ஒரு வழக்கம் உண்டு. ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மாஸ்டர் ஒரு தகர டப்பாவைத் தொறப்பாங்க. வாய் அசையுற பொம்மையைப் பிடிக்கிறவங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி. நாக்குக்கு அடியில வச்சுக்கணும், கடிக்கக் கூடாது. ஷோ முடியுற வரைக்கும் தானாக் கரையணும். குச்சி பிடிக்கிறவங்களுக்குக் கருப்பட்டி கெடையாது.

இருதயராஜ் ஒரு நாள் கேட்டாரு. "அது எதுக்கு மாஸ்டர்?"

"வாயில ஒண்ணு இருந்தா வாய் சும்மா இருக்கும்."

"எனக்கும் ஒண்ணு குடுக்கலாமே."

"உங்களுக்கு சுகர் இருக்குல்லண்ணே."

ஷாகுல் சிரிச்சான். இருதயராஜ் சிரிக்கல. சுகர் இருக்கிறதனால குச்சியா, குச்சி பிடிக்கிறதனால சுகரைச் சொல்றாங்களான்னு ராத்திரி பூரா யோசிச்சாரு.

மழைக்காலம் முடிஞ்ச சமயம். ஒரு நாள் குச்சியைத் தூக்கி மேசையில வச்சாரு.

"மாஸ்டர், நான் மதுரைக்குப் போறேன். அங்க ஒரு கம்பெனியில ஆள் கேக்குறாங்க. முழுப் பொம்மை. தலை, கை, வாயி, எல்லாம் எனக்கே."

"என்ன பொம்மை?"

இருதயராஜ் கொஞ்சம் தயங்குனாரு. "பல்லு."

"பல்லா?"

"பற்பசை விளம்பரம் மாஸ்டர். ஸ்கூல் ஸ்கூலாப் போகணும். கடவாய்ப் பல்லு ஒண்ணு பாட்டுப் பாடும்."

ஷாகுலால முடியல. "ஏண்ணே, முப்பது வருஷம் மேடையில பாடிட்டு கடைசியில சொத்தைப் பல்லா?"

"சொத்தை இல்லடா. நல்ல பல்லு. சொத்தைப் பல்லுக்கு வேற ஆளு." சொல்லிட்டு மாஸ்டர் பக்கம் திரும்புனாரு. "பல்லா இருந்தா என்ன மாஸ்டர். அது பாடுது. எனக்குப் பாடணும்."

மாஸ்டர் கத்திரியோட சட்டைக்குப் பித்தான் தைச்சுக்கிட்டு இருந்தாங்க. நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாங்க.

"வியாழக்கிழமை ஷோவுக்கு மிளகா உங்களுக்கு. இடது கையை நான் பாத்துக்குறேன்."

இருதயராஜுக்குப் பேச்சு வரல. அவருக்கு எப்பவும் கொஞ்சமாத்தான் வரும், அன்னைக்கு அதுவும் வரல.

புதன்கிழமை வரைக்கும் ஒத்திகை நடந்துச்சு. மிளகாவோட தலைக்குள்ள கையை விட்டா, நாலு விரல் மேல் தாடையில, கட்டை விரல் கீழ் தாடையில. புதுசா பிடிக்கிறவங்க நாலு விரலையும் தூக்கித்தான் வாயைத் தொறப்பாங்க. அப்படித் தூக்குனா மூஞ்சி மேல போயிரும், பொம்மை ஃபேனைப் பாத்துப் பாடும். கட்டை விரலைக் கீழ எறக்கணும். கண்ணு எப்பவும் பொம்மை மேல இருக்கணும்.

இருதயராஜ் சீக்கிரமே பழகிட்டாரு. எந்த எழுத்துல வாய் தொறக்கும், எங்க மூச்சு வாங்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். மிளகா அச்சு அசலாப் பாடுச்சு. ஷாகுலே சொன்னான். "அண்ணே, பல்லு கம்பெனிக்காரன் குடுத்து வைக்கல."

"ஷோ எங்க மாஸ்டர்?"ன்னு அப்பத்தான் கேட்டாரு.

"காது கேளாதவங்க ஸ்கூலு. மணப்பாறை ரோட்டுல."

இருதயராஜ் மிளகாவைக் கையில இருந்து உருவி மேசையில வச்சாரு.

ஷாகுல் மெதுவா சொன்னான். "கெடைச்சதுதான் கெடைச்சுச்சு, கச்சேரி கேக்க யாருமே இல்லாத எடமா."

"ஏன் மாஸ்டர்? பொருட்காட்சி வருது, கல்லூரி ஷோ வருது. எனக்குன்னு பாத்து இந்த எடமா?"

"அவங்க நல்லாப் பாப்பாங்க"ன்னாங்க மாஸ்டர்.



வியாழக்கிழமை ஸ்கூல் ஹாலுல மரப் பலகை போட்டு மேடை கட்டியிருந்துச்சு. ஸ்பீக்கரைப் பலகை மேலயே வச்சாங்க. பிள்ளைங்க செருப்பைக் கழட்டிட்டு வந்து மேடையோட விளிம்புல கையை வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. பாட்டு அவங்களுக்குப் பலகை வழியாத்தான் வரும். சவுண்டை எவ்வளவு வச்சாலும் யாரும் குறைக்கச் சொல்லப் போறதில்லன்னு ஷாகுலுக்கு ஒரே சந்தோஷம்.

பொம்மை பிடிக்கிறவங்க கறுப்புத் துணிக்குப் பின்னாடி நின்னு கையைத் தூக்கிப் பிடிக்கணும். அந்தத் துணி ஒரு ஓரத்துல கிழிஞ்சுருந்துச்சு. ஸ்கூல்ல தையல் சொல்லிக் குடுக்குற மரகதம் டீச்சர் ஊசி நூலோட வந்து அந்த ஓரத்துல, துணிக்கு ரெண்டு பக்கமும் தெரியுற மாதிரி ஸ்டூல் போட்டு உக்காந்தாங்க. அவங்களுக்கும் காது கேக்காது. தைச்சு முடிக்கிறதுக்குள்ள ஷோ ஆரம்பிக்கப் போகுது, எந்திரிச்சுப் போக எடமில்ல. அங்கேயே இருந்துட்டாங்க.

மாஸ்டர் டப்பாவைத் தொறந்தாங்க. கத்திரிக்காரப் பையனுக்கு ஒரு துண்டு. வாத்தியாரைப் பிடிக்கிற பொண்ணுக்கு ஒண்ணு. ஷாகுலுக்கு ஒண்ணு. கடைசியா இருதயராஜுக்கு முன்னாடி வந்து, சுண்டைக்கா அளவுக்கு ஒண்ணு உடைச்சுக் குடுத்தாங்க.

ரெண்டு வருஷமா எதிர்பாத்த துண்டு. இருதயராஜ் அதைக் கையில வச்சுப் பாத்தாரு. இது வாயைக் கட்டுறதுக்குத்தானே. நம்ம வாயைத்தான் டாக்டரே கட்டிட்டாரே. சத்தமே வராதவன் பொம்மையோட சேந்து பாடி என்ன கெட்டுறப் போகுது? சுகர் வேற.

மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்புனதும் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

மொதப் பாட்டு நல்லாப் போச்சு. ரெண்டாவதும் போச்சு. பிள்ளைங்க கை தட்ட மாட்டாங்க, ரெண்டு கையையும் மேல தூக்கி விரலை விரிச்சு ஆட்டுவாங்க. மெல்லிசான துணி வழியா அத்தனை கையும் ஆடுறது இருதயராஜுக்குத் தெரிஞ்சுச்சு.

கடைசிப் பாட்டு, 'கடைசி பஸ்ஸு'. காராசேவுல மெதுவாப் போற பாட்டு அது ஒண்ணுதான். பஸ்ஸைத் தவற விட்டவன் ஒருத்தன், ஊரு வரைக்கும் நடந்தே வர்ற பாட்டு.

மொத வரியிலேயே இருதயராஜ் கண்ணை மூடிட்டாரு.

முப்பது வருஷப் பழக்கம். மெதுவான பாட்டுன்னா கண்ணு தானா மூடிக்கும். உதடு அசைஞ்சுச்சு. தலை சாஞ்சுச்சு. நெஞ்சு விரிஞ்சு மூச்சு எடுத்துச்சு. ஸ்பீக்கர்ல வேற யாரோ பாட, அதுக்கு அடியில இருதயராஜ் முழுசாப் பாடுனாரு. ஒரு வரி விடல. மேல தூக்கியிருந்த கையில கட்டை விரல், அது பாட்டுக்கு ஒரே சீரா ஏறி எறங்கிக்கிட்டு இருந்துச்சு.

பாட்டு முடிஞ்சு கண்ணைத் தொறந்தா அத்தனை கையும் ஆடுது. இருதயராஜுக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு.

பொம்மைங்களைப் பெட்டியில வைக்கும்போது மரகதம் டீச்சர் நேரா இருதயராஜ் முன்னாடி வந்து நின்னாங்க. கையாலயும் மூஞ்சியாலயும் வேகமா என்னமோ சொன்னாங்க. பக்கத்துல நின்ன ஸ்கூல் வார்டன் அம்மா அதைப் பேச்சா மாத்திச் சொன்னாங்க.

"டீச்சரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம் சார்."

"சொல்லச் சொல்லுங்கம்மா."

"நீங்க நல்லாப் பாடுறீங்களாம்."



"நானா?"

"அவங்க உதட்டைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க சார். கடைசி பஸ்ஸு பாட்டை நீங்க பாடுனது முழுசாப் புரிஞ்சுச்சாம். பஸ்ஸைத் தவற விட்டது நீங்கதாங்குற மாதிரி இருந்துச்சாம்."

ஆபரேஷனுக்கு அப்புறம் அவரைப் பாத்து யாரும் அப்படிச் சொன்னதில்ல. இருதயராஜ் கையெடுத்துக் கும்பிட்டாரு. டீச்சர் போகல. திரும்பவும் கையை ஆட்டி என்னமோ கேட்டாங்க. இந்தத் தடவை பெட்டியில கெடந்த மிளகாவைக் காட்டுனாங்க.

வார்டன் அம்மா கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் சொன்னாங்க.

"நீங்க அவ்வளவு நல்லாப் பாடும்போது, அந்தச் சிவப்பு மூஞ்சி மட்டும் எதுக்குச் சாப்பிட்டுக்கிட்டே இருந்துச்சுன்னு கேக்குறாங்க."

ஷாகுல் பீட்ரூட்டோட தலையை ரொம்பக் கவனமாத் துடைக்க ஆரம்பிச்சான்.

"சாப்பிட்டுச்சா?"

"மைக்கைத்தான் சாப்பிட்டுச்சு. பிள்ளைங்களும் அதைத்தான் பேசிக்கிட்டு இருக்குதுங்க. அது ஏதோ பசியில இருக்குன்னு நெனைச்சு எரக்கப்பட்டுத்தான் கையை ஆட்டுனாங்களாம்."

டீச்சர் சிரிச்சுட்டு, அவரு தோளைத் தட்டிட்டுப் போயிட்டாங்க.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சின்னப் பிள்ளைங்களுக்கு இன்னொரு ஷோ இருந்துச்சு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. இருதயராஜ் மேடைப் பலகையில உக்காந்திருந்தாரு. மாஸ்டர் ஒரு தட்டுல தக்காளிச் சாதத்தோட வந்து பக்கத்துல உக்காந்தாங்க.

"என்னோட குச்சியைக் குடுத்துருங்க மாஸ்டர்."

"மதுரைக்குப் போகலியா?"

"பல்லும் சாப்பிட ஆரம்பிச்சுருச்சுன்னா?"

மாஸ்டர் ஒரு வாய் சாப்பிட்டாங்க.

"என்னால பாடாம இருக்க முடியல மாஸ்டர். அது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சு எதுக்குக் குடுத்தீங்க?"

"பாட்டு தெரிஞ்ச கைதான் அதுக்கு வேணும்."

"ஏன், நானும் பாடுறேன், அதுவும் பாடட்டும். ரெண்டு பேரும் சேந்து பாடக் கூடாதா?"

"இருக்கிறது ஒரு பாட்டுதானே அண்ணே. நீங்க பாடிட்டா அதுக்கு ஏது?"

இருதயராஜ் மிளகாவைப் பாத்தாரு. பெட்டியில மல்லாக்கக் கெடந்துச்சு. வாய் தொறந்தபடியே இருந்துச்சு. உள்ள மஞ்சள் வெல்வெட்டு.

"சட்டையில எறும்பு"ன்னாங்க மாஸ்டர்.

இருதயராஜ் குனிஞ்சு பாத்தாரு. பித்தான் பட்டி வழியா வரிசையா ஏறி சட்டைப் பைக்குள்ள போய்க்கிட்டு இருந்துச்சு. கையை உள்ள விட்டு அந்தத் துண்டை எடுத்தாரு. வேர்வையில கொஞ்சம் கசிஞ்சு, ஒரு பக்கம் பூரா எறும்பா இருந்துச்சு.

மாஸ்டர் சாதத்துல இருந்த கறிவேப்பிலையை எடுத்து ஓரமா வச்சாங்க.

வெளிய பெல்லுக்குப் பதிலா லைட்டு ரெண்டு தடவை அணைஞ்சு எரிஞ்சுச்சு. சின்னப் பிள்ளைங்க வரிசையா உள்ள வர ஆரம்பிச்சாங்க. மாஸ்டர் கையைக் கழுவிட்டு வந்து, துணிக்குப் பின்னாடி போனாங்க. பீட்ரூட்டோட இடது கைக் குச்சியை அவங்களே எடுத்துக்கிட்டாங்க.

இருதயராஜ் கருப்பட்டியை ஊதுனாரு. எறும்பெல்லாம் போற வரைக்கும் ஊதுனாரு. அப்புறமும் வாயில போடாம கையிலயே வச்சுக்கிட்டு நின்னாரு.

"மாஸ்டர், எனக்கு சுகர் இருக்கே."

"மிளகாவுக்கு இல்லியே"ன்னாங்க மாஸ்டர்.