ராஜாவின் தலைக்குப் பழைய நிறம்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு நரைக்கவே நரைக்காது என்று சட்டம் போட்டிருந்த நாடு ஒன்று இருந்தது. நரைத்திருக்கிறது என்று சொன்னவனுக்கு நூறு கசையடி. ராஜாவின் தலை மட்டும் அந்தச் சட்டத்தை மதிக்காமல் தும்பைப் பூவாய் வெளுத்துக் கிடந்தது.

எவனோ ஒரு வியாபாரி விற்ற சாயத்தை மந்திரி கனகசபையார் வாங்கி வந்து பூசிவிட்டார். கறுப்பு இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் யானைமேல் ஊர்வலம் போகையில், வெயில் பட்டு மயில் கழுத்து நிறமாகிவிட்டது. எலுமிச்சை தேய்த்தார்கள், பாசிப் பச்சை ஆனது. வண்ணார் துணி வெளுக்கும் உவர்மண்ணை அப்பினார்கள். துருப்பிடித்த பூட்டு மாதிரி ஆனது. புளித்த மோர் ஊற்றியதில் நிறம் மாறவில்லை, வாசனை மட்டும் சேர்ந்தது.

"எனக்கு என் பழைய நிறம் வேண்டும்!" என்று சபையில் கத்தினார் ராஜா.

பழி தன்மேல் விழுவதற்குள் மந்திரி முந்திக்கொண்டார். "நம் விகடக்காரன் கூத்தையனால் ஆகாததா மகாராஜா? நேற்றுக்கூட என்னிடம் சொன்னானே!"

நேற்று முழுக்கக் கூத்தையன் பல்வலியில் வாயே திறக்கவில்லை.

"மாலைக்குள் பழைய நிறம் வராவிட்டால் உன் தலை இருக்காது" என்றார் ராஜா.

கூத்தையன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. அப்படியே இருந்தால் தேவலை என்று தோன்றியது.

"உத்தரவு மகாராஜா. பழைய நிறம் எது என்று மட்டும் யாராவது சொல்லட்டும். மந்திரியாரே, தினமும் பக்கத்திலே நிக்கிறவர் நீங்கதானே?"

மந்திரிக்கு முதுகு இப்போதே எரிந்தது. "க... கறுப்பு."

"சேனாபதியாரே?"

"காக்காக் கறுப்பு!"

"அதைவிடக் கறுப்பு!" என்றார் கேட்காமலே புரோகிதர்.

கூத்தையன் மடைப்பள்ளிக்குப் போய், சட்டிக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் சட்டியோடு கொண்டுவந்தான். "குனியுங்கள் மகாராஜா. சபை ஒருமனதாகச் சொன்ன பழைய நிறம்."

"டேய், எடுடா கையை! என் தலை வெள்ளைடா! பத்து வருஷமாக வெள்ளை!"

கூத்தையன் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பணிவாகக் கேட்டான்: "ராஜாவுக்கு நரை என்று இங்கே ஒருவர் சொல்லிவிட்டார். நூறு அடியும் இன்றைக்கேயா, பத்துப் பத்தாகவா மகாராஜா?"

ராஜா முறைத்தார். மீசை துடித்தது. பிறகு சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். சட்ட ஓலையைக் கிழித்தெறிந்து, தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தையன் கழுத்தில் போட்டார். "சரி, வெள்ளைக்கு வழி சொல்லு."

"சாயம் போகாது மகாராஜா, முடிதான் போகணும். மொட்டை அடியுங்கள். முளைக்கிறது பொய் சொல்லாது."

மறுநாள் ராஜா மொட்டைத் தலையோடு வந்தார். அதற்கு மறுநாள் சபை முழுக்க மொட்டை. முதல் மொட்டை மந்திரி. கூத்தையன் மட்டும் குடுமியோடு நின்றான்.

"உனக்கு ராஜவிசுவாசம் இல்லையா?" என்று சீறினார் மந்திரி.

"தலை தங்கினதே முந்தாநாள்தான் ஐயா. கொஞ்ச நாள் முழுசா வெச்சிருந்து பார்க்கிறேனே."

ராஜா சிரித்த சிரிப்பில் மந்திரியின் மொட்டை உச்சிவரை சிவந்தது.