பொற்காலக் கல்

காரைப்பட்டி ஜமீன்தார் வச்சிரவேலு ஒரு நாள் ஊரெங்கும் தண்டோரா போடச் சொன்னார். அவர் பட்டம் கட்டிக்கொண்ட நாளுக்கு முன்னால் இருந்ததெல்லாம் இருண்ட காலமாம், அன்றிலிருந்து பொற்காலமாம்.

அதோடு விட்டாரா? அங்காயி மூன்று மாதமாய் வெட்டி அன்றைக்குத்தான் ஊற்றுக் கண்டிருந்த ஊர்க் கிணற்றுக்கு, தன் பெயர் செதுக்கிய கல்லோடு பல்லக்கில் வந்து இறங்கினார்.

“ஏ அங்காயி, கிணறு வெட்டினால் காலம் அடுக்கடுக்காய்த் தெரியுமாமே! என் பொற்காலம் தொடங்கும் அடுக்கில் இந்தக் கல்லைப் பதி. முடியாவிட்டால் கிணற்றைத் தூர்த்துவிடுவேன்.”

ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது. அங்காயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பதிச்சுடலாம் சாமி. அடியில தெரியுது பாருங்க, பாறை. அதோட காலம் முடிஞ்ச பிறகுதான் மேல செம்மண்ணு படிஞ்சுது. செம்மண்ணு காலம் முடிஞ்ச பிறகுதான் கரிசல் வந்துச்சு. ஒரு காலம் முடிஞ்சு, மேல மண்ணு மூடினாத்தான் அது அடுக்கு. சாமி காலம் இன்னும் உங்க செருப்புல புழுதியாத்தான் இருக்கு.”

“அதை இப்பவே அடுக்காக்கு!”

“ஆக்கிடறேன். சாமியோட காலம் இன்னியோட முடிஞ்சுதுன்னு இன்னொரு தண்டோரா போடச் சொல்லுங்க. மேல மண்ணு போட நான் தயார்.”

அவள் மண்வெட்டி நிறைய மண்ணை அள்ளினாள்.

ஜமீன்தார் நாலடி பின்னால் போனார். “அவசரமில்லை! கிணறும் இருக்கட்டும், நானும் இருக்கிறேன்!”

பல்லக்கு பறந்தது. அவர் விட்டுப்போன பொற்காலக் கல்லில் மறுநாளே ஊர் துணி துவைத்தது.